மகன் விமானி ஆகவேண்டுமாம்!



இம்முறை வந்த கடிதங்களில் ஒன்றை எடுத்து வைத்து இரண்டு முறை படித்தேன். போர்ட்டிக்சன் சாலையோரம் உள்ள ஒரு தோட்டத்திலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன். செய்தி இதுதான்:

“ஐயா, என் கணவர் செம்பனைக் குலை வெட்டுகிறார். எங்கள் மூத்த பையன் நான்காம் படிவம் படிக்கிறான். சின்ன வயதிலிருந்தே வாசலில் நின்று ஏரோப்பிளேனை அண்ணாந்து பார்ப்பதே அவன் வேலை. இப்போது விமானம் ஓட்டத்தான் படிப்பேன் என்கிறான். லயத்தில் எல்லாரும் சிரிக்கிறார்கள். போன வாரம் பட்டணத்திலிருந்து ஒருவர் வந்தார். இருபதாயிரம் வெள்ளி முன்பணம் கட்டினால் பையனுக்கு இடம் பிடித்துத் தருகிறேன், மாதக் கடைசிக்குள் கட்டவேண்டும் என்கிறார். சேமநிதியில் எடுக்கலாமா, என் நகையை வைக்கலாமா என்று வீட்டில் பேச்சு. கூலிக்காரன் பிள்ளை விமானம் ஓட்ட முடியுமா ஐயா? பணத்தைக் கட்டலாமா?”

அம்மா, நீங்கள் கேட்டிருப்பது இரண்டு கேள்வி. முதல் கேள்விக்கு ஒரே சொல்லில் விடை சொல்கிறேன்: முடியும். விமானத்துக்கு ஓட்டுகிறவனின் தகப்பன் யாரென்று தெரியாது. கணக்கு சரியா, கை சரியா, கவனம் சரியா என்பதுதான் அதற்குத் தெரியும். இரண்டாவது கேள்விக்கு அவசரப்பட்டுப் பதில் சொல்ல எனக்கு மனமில்லை. “ஆற்றில் போட்டாலும் அளந்து போடு” என்பது நம் பெரியவர்கள் சொல். அளப்பதற்கு முதலில் அந்தத் தொழில் என்னவென்று தெரியவேண்டும்.

ஆகவே ஒன்று செய்யுங்கள். இந்தப் பக்கத்தைப் பையனிடம் கொடுத்து, உங்களுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். பயிற்சிப் பள்ளியில் விமானம் ஏறுவதற்கு முன் சொல்லிக்கொடுக்கும் அடிப்படைப் பாடங்களில் சிலவற்றை இங்கே எழுதுகிறேன். படிக்கப் படிக்கத் தம்பியின் கண் விரிகிறதா, கொட்டாவி வருகிறதா என்று பாருங்கள். இதற்கு நுழைவுக் கட்டணம் கிடையாது!

பறவை சொல்லும் முதல் பாடம்

இராமேசுவரத்தில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர், பறவை எப்படிப் பறக்கிறது என்று கரும்பலகையில் வரைந்து காட்டினார். பிள்ளைகளுக்குப் புரியவில்லை. அன்று மாலையே எல்லாரையும் கடற்கரைக்கு அழைத்துப் போய்ப் பறவைகளைக் காட்டி விளக்கினார். அந்தக் கூட்டத்தில் நின்ற ஒரு படகுக்காரரின் மகன்தான் 1931இல் பிறந்த அப்துல் கலாம். பறப்பதையே படிக்கவேண்டும் என்ற எண்ணம் அன்றுதான் விழுந்தது என்று பின்னாளில் அவரே சொன்னார். அவர் கதைக்குக் கடைசியில் மீண்டும் வருவோம்.

நமக்கும் ஒரு கடற்கரை இருக்கிறது. போர்ட்டிக்சனுக்குத் தெற்கே தஞ்சோங் துவான் கலங்கரை விளக்கத்துக்குப் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் போய்ப் பாருங்கள். தேன்பருந்து முதலிய ஆயிரக்கணக்கான பறவைகள் சுமத்ராவிலிருந்து மலாக்கா நீரிணையைக் கடந்து வடக்கே போகும். நீரிணை மிகக் குறுகும் இந்தப் பகுதியில் அகலம் ஏறத்தாழ 38 கிலோமீட்டர்தான். கடலின்மேல் மேலெழும் வெப்பக் காற்று அவ்வளவாக இல்லாததால் அவை சோர்ந்து தாழ்ந்து வரும். கரையைத் தொட்டதும், வெயிலில் சூடான நிலத்திலிருந்து எழும் காற்றில் ஏறிச் சிறகு அசைக்காமலே வட்டமிட்டு உயரும். காற்றை அறிந்தவனுக்குப் பாதி வேலையைக் காற்றே செய்யும் என்பதுதான் இந்தப் பாடம்.

தம்பி, இன்னொரு சோதனை. ஓடும் வண்டியில் பெரியவர்கள் துணையோடு, வேறு வண்டி வராத இடத்தில், உள்ளங்கையைத் தட்டையாகச் சன்னலுக்கு வெளியே நீட்டு. முன்விளிம்பைக் கொஞ்சம் மேலே சாய்த்தால் கை தானாக உயரும். கை காற்றைக் கீழே தள்ளுகிறது, காற்று கையை மேலே தள்ளுகிறது. விமானத்தின் இறக்கையும் இதையேதான் செய்கிறது. இதற்குத் தூக்குவிசை என்று பெயர். கீழே இழுப்பது எடை. இயந்திரம் முன்னே தள்ளுவது உந்துவிசை. காற்று பின்னே பிடித்து இழுப்பது இழுவிசை. ஒரே உயரத்தில் ஒரே வேகத்தில் நேராகப் போகும்போது தூக்குவிசையும் எடையும் சமம், உந்துவிசையும் இழுவிசையும் சமம்.

இப்போது கையை மேலும் மேலும் சாய்த்துக்கொண்டே போ. ஓர் எல்லைக்கு மேல் கை உயராது. பின்னால் தள்ளப்பட்டுத் துவளும். இறக்கைக்கும் அப்படி ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டினால் மேற்புறத்தில் ஒட்டி ஓடும் காற்று பிய்ந்துபோய்த் தூக்குவிசை சரியும். இதை ‘ஸ்டால்’ என்பார்கள். கார் நின்றுபோவதைப்போல இயந்திரம் நின்றுபோவது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. இயந்திரம் நன்றாக ஓடும்போதும் ஸ்டால் வரலாம். விழுகிற நேரத்தில் மூக்கை மேலே இழுக்கத்தான் மனம் சொல்லும். ஆனால் மூக்கைக் கீழே இறக்கினால்தான் பிழைக்கலாம். பயத்தின் பேச்சைக் கேட்காமல் பாடத்தின் பேச்சைக் கேட்கப் பழக்குவதே பயிற்சி.

திருப்புவது எப்படி?

விமானத்தை மூன்று விதமாக அசைக்கலாம். மூக்கை மேலும் கீழும் ஆட்டுவது வாலில் உள்ள கிடைமட்ட மடிப்பு. இடமும் வலமும் சாய்ப்பது இறக்கை ஓரத்து மடிப்புகள். மூக்கை இடமும் வலமும் திருப்புவது வாலில் நிமிர்ந்து நிற்கும் சுக்கான். திரும்ப வேண்டுமென்றால் சுக்கானைத் திருப்பினால் போதும் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். சைக்கிள் ஓட்டுகிற தம்பிக்கு அப்படியில்லை என்று தெரியும். வேகமாகப் போகும் சைக்கிள் வளைவில் சாய்ந்துதான் திரும்பும். விமானமும் அப்படியே. சாய்ந்தால் தூக்குவிசையின் ஒரு பங்கு பக்கவாட்டில் இழுத்துத் திருப்புகிறது. மேலே தூக்கும் பங்கு அந்த அளவுக்குக் குறைகிறது. அதை ஈடுகட்டாவிட்டால் திரும்பும்போதே உயரம் இழப்போம். ஒன்றைத் தொட்டால் மற்றொன்று அசையும், குடும்பம் நடத்துவதைப் போல!

மலாக்காவிலிருந்து சிரம்பானுக்கு

இனி வழி காணும் கலை. ஆகாயத்தில் மைல்கல் கிடையாது. ஆனால் பூமியின்மேல் கோடுகள் போட்டு வைத்திருக்கிறார்கள். கிழக்கு மேற்காக அட்சரேகை, வடக்கு தெற்காகத் தீர்க்கரேகை. ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் ஒரு கோண நிமிடம். அட்சரேகையில் ஒரு கோண நிமிட தூரம்தான் ஒரு கடல்மைல். அதாவது 1,852 மீட்டர். மணிக்கு ஒரு கடல்மைல் வேகத்தை ஒரு ‘நாட்’ என்பார்கள். நம் நாடு நிலநடுக்கோட்டை ஒட்டியிருப்பதால் தீர்க்கரேகையிலும் ஒரு நிமிடத்தைக் கிட்டத்தட்ட ஒரு கடல்மைல் என்றே வைத்துக்கொள்ளலாம். இது நமக்குக் கிடைத்த வசதி. துருவத்துப் பக்கம் போனால் அந்த இடைவெளி சுருங்கிக்கொண்டே போகும்.

மலாக்காவில் பத்து பெரண்டம் விமான நிலையம் ஏறக்குறைய வடக்கு 2 பாகை 16 நிமிடம், கிழக்கு 102 பாகை 15 நிமிடத்தில் இருக்கிறது. சிரம்பான் வடக்கு 2 பாகை 43 நிமிடம், கிழக்கு 101 பாகை 56 நிமிடம். கழித்துப் பார். வடக்கே 27 கடல்மைல், மேற்கே 19 கடல்மைல். இரண்டையும் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டினால் 729, 361, ஆக 1,090. அதன் வர்க்கமூலம் 33. ஆகவே தூரம் 33 கடல்மைல். இது பித்தாகரஸ் தேற்றம் தவிர வேறில்லை. இதைப் பள்ளியில் ஏன் படிக்கவேண்டும் என்று நீ ஒருநாள் கேட்டிருப்பாய். இதோ விடை.

திசை என்ன? பத்தொன்பதை இருபத்தேழால் வகுத்தால் 0.70. அதற்குரிய கோணம் 35 பாகை. வடக்கிலிருந்து மேற்கே 35 பாகை. விமானிகள் வடக்கிலிருந்து கடிகாரம் சுற்றும் பக்கமாக 360 வரை எண்ணுவதால், 360இல் 35 போக 325 பாகை. திசைகாட்டி முள் காட்டுவது காந்த வடக்கு. அது உண்மை வடக்கிலிருந்து விலகும் அளவு ஊருக்கு ஊர் மாறும். தீபகற்ப மலேசியாவில் அது ஒரு பாகைக்கும் குறைவு. சில நாடுகளில் பத்து இருபது பாகை வித்தியாசப்படும். கவனிக்காவிட்டால் வேறு ஊரில்தான் இறங்கவேண்டும்.

இனி நேரம். பயிற்சி விமானம் 100 நாட் வேகத்தில் போகிறது என்றால் 33 கடல்மைலுக்கு ஏறத்தாழ 20 நிமிடம். எதிர்க்காற்று 20 நாட் வீசினால் தரையின்மேல் வேகம் 80தான். அப்போது 25 நிமிடம் பிடிக்கும். ஐந்து நிமிடம்தானே என்று நினைக்காதே. எரிபொருளை அளந்துதான் ஊற்றுகிறார்கள். ஆகாயத்தில் சாலையோர எண்ணெய்க் கடை இல்லை.

சம்பான்காரனின் கணக்கு

லிங்கி ஆற்றில் சம்பான் தள்ளுகிறவரைப் பார்த்திருப்பாய். எதிர்க்கரையில் படித்துறைக்கு நேராகத் தள்ளினால் நீரோட்டம் கீழே இழுத்துப் போய்விடும். ஆகவே கொஞ்சம் மேல்பக்கமாக முனையைத் திருப்பித் தள்ளுவார். சம்பான் கோணலாகத் தெரிந்தாலும் போய்ச்சேரும் வழி நேர். பக்கக் காற்றில் விமானியும் இதையே செய்கிறார். எவ்வளவு திருப்பவேண்டும்? அதற்கு ‘அறுபதுக்கு ஒன்று’ என்று ஒரு விதி இருக்கிறது. 60 மைல் போகும்போது ஒரு பாகை பிசகினால் ஒரு மைல் விலகுவோம். இந்த ஒன்றை மனப்பாடம் செய்துகொள்.

100 நாட் வேகத்தில் போகும்போது பக்கக் காற்று 10 நாட் என்றால், பத்தை அறுபதால் பெருக்கி நூறால் வகு. ஆறு பாகை. காற்று வரும் பக்கமாக மூக்கை ஆறு பாகை திருப்பினால் வழி நேராகும்.

வழி தவறினாலும் இதே விதி காப்பாற்றும். 60 மைல் பயணத்தில் 30 மைல் போனபின் கீழே பார்க்கிறாய். இரயில் பாதை இருக்கவேண்டிய இடத்திலிருந்து இரண்டு மைல் விலகியிருக்கிறாய். பிசகிய கோணம் நான்கு பாகை. நான்கு பாகை திருப்பினால் விலகுவது நிற்கும், ஆனால் பழைய வழிக்கு இணையாகவே போய்க்கொண்டிருப்பாய். மிச்சம் 30 மைலுக்குள் ஊரைச் சேர இன்னும் நான்கு. ஆக எட்டுப் பாகை திருப்பவேண்டும். தப்பு நடக்காதவன் நல்ல விமானி என்று யாரும் சொல்வதில்லை. தப்பைச் சீக்கிரம் கண்டு, அளந்து, திருத்துகிறவனையே நல்ல விமானி என்கிறார்கள்.

இப்போது செயற்கைக் கோள் வழிகாட்டுகிறதே, இதெல்லாம் எதற்கு என்று கேட்பாய். சென்னையைச் சேர்ந்த உஷா சுந்தரம் என்ற அம்மையார், 1949இல் பெங்களூர் ஜக்கூர் பயிற்சிப் பள்ளியில் தேறியவர். இந்திய விடுதலைக்குப் பின் விமானியான முதல் பெண்மணி. 1950களின் தொடக்கத்தில் சென்னை அரசு வாங்கிய ‘டவ்’ என்ற இரட்டை இயந்திர விமானத்தை, விமானியான தம் கணவர் சுந்தரத்தோடு சேர்ந்து இலண்டனிலிருந்து பம்பாய்க்குச் சுமார் 27 மணி நேரத்தில் ஓட்டி வந்து சாதனை செய்தார். முதல் செயற்கைக் கோள் மேலே போனதே 1957இல்தான். அவர்களுக்குக் கிடைத்த துணை வரைபடமும் திசைகாட்டியும் கடிகாரமும் வானொலியும்தான். கருவி பழுதானால் இன்றைய விமானிக்கும் கைகொடுப்பது அதே கணக்குதான். பெண் பிள்ளைகளைப் பெற்ற தாய்மார்களே, இந்தப் பத்தியை உங்கள் மகளுக்கும் படித்துக் காட்டுங்கள்.

உயரமும் எண்ணும்

விமானத்தின் உயரமானி உண்மையில் காற்றின் அழுத்தத்தைத்தான் அளக்கிறது. மேலே போகப்போக அழுத்தம் குறையும். தரைக்கு அருகில் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் சுமார் 30 அடி ஏறியிருக்கிறோம் என்று பொருள். ஆனால் மழை மேகம் கவிந்தாலும் அழுத்தம் குறையும் அல்லவா? ஆகவே அந்தந்த இடத்து அழுத்தத்தை வானொலியில் கேட்டு உயரமானியைத் திருகிச் சரிசெய்யவேண்டும். பத்து எண் தவறாக வைத்தால் 300 அடி பிசகும். உலு பெண்டுல் பக்கத்து அங்சி மலை 825 மீட்டர், அதாவது 2,700 அடிக்குச் சற்று மேல். அதன் உச்சிக்கு 300 அடி மேலே பறக்கிறேன் என்று நினைப்பவர், அந்தப் பிசகால் மேகத்துக்குள் உச்சியை உரசிக்கொண்டு போகலாம்.

அளவையின் பெயரை மாற்றி எடுத்தாலும் ஆபத்துதான். 1983 ஜூலையில் கனடாவில் ஒரு பெரிய பயணிகள் விமானம் நடுவானில் எரிபொருள் தீர்ந்து, இரண்டு இயந்திரமும் நின்றது. கிலோகிராமில் கணக்கிடவேண்டியதை ராத்தலில் கணக்கிட்டதால், வேண்டியதில் பாதிக்கும் குறைவாகவே நிரப்பியிருந்தார்கள். விமானி மிதந்தே வந்து கிம்லி என்ற பழைய ஓடுபாதையில் இறக்கினார், யாரும் சாகவில்லை. பால் நிறுக்கும்போது கிராணி எழுதும் எண்ணை எட்டிப் பார்த்துச் சரிபார்த்த தாய்மாருக்கு இதன் அருமையை நான் சொல்லவேண்டியதில்லை.

இனித் தம்பி நாள்தோறும் பார்க்கும் விமானங்களுக்கு வருவோம். 1998 ஜூனில் திறக்கப்பட்ட சிப்பாங் அனைத்துலக விமான நிலையத்தில் மூன்று ஓடுபாதைகள் உண்டு. மூன்றும் இணையாகக் கிடக்கின்றன. ஓடுபாதையின் திசையைப் பத்தால் வகுத்து வரும் எண்ணே அதன் பெயர். முதல் இரண்டும் ஒரு முனையில் 14, மறுமுனையில் 32. இரண்டுக்கும் வித்தியாசம் 18, அதாவது 180 பாகை. எதிரெதிர்த் திசை அல்லவா! இடது, வலது என்று சேர்த்துச் சொல்லிப் பிரிப்பார்கள். மூன்றாவதற்கும் அதே எண் கொடுத்தால் குழம்பும் என்று 15, 33 என வைத்தார்கள்.

32ஆம் எண்ணில் இறங்கும் விமானம் தென்கிழக்கிலிருந்து, அதாவது போர்ட்டிக்சன், லுக்குட் பக்கமிருந்து வரும். வழக்கமாக மூன்று பாகைச் சரிவில் இறங்குவார்கள். அது ஒரு கடல்மைலுக்கு ஏறத்தாழ 300 அடி. ஓடுபாதைக்குப் பத்துக் கடல்மைல் முன்னே 3,000 அடி உயரம் இருக்கும், தரை தொட நான்கு நிமிடம்போல ஆகும். இனி வாசலில் நிற்கும்போது வெறுமனே பார்க்காதே, தம்பி. எந்த முனையில் இறங்குகிறது, காற்று எந்தப் பக்கம், எவ்வளவு உயரம் என்று ஒரு பள்ளி நோட்டில் எழுது. விமானம் எதிர்க்காற்றில் இறங்கவே விரும்பும். ஒரு மாதம் எழுதினால் காற்றின் குணம் உனக்குத் தெரிந்துவிடும்.

வானிலை, மொழி, நேரம்

வானிலையைப் பொறுத்தவரை நம் மக்கள் பாதி விமானிகள். விடியற்காலையில் மேற்கே இருட்டிக்கொண்டு, குளிர்காற்று முன்னே வந்து, பின்னால் மழை கொட்டினால் அன்று பால் வெட்டு இல்லை என்று நமக்குத் தெரியும். நீரிணையில் உருவாகிக் கரையேறும் அந்தப் புயல்மழை வரிசைக்கு விமானிகள் வைத்த பெயர் ‘சுமத்ரா’. ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை மேற்குக் கரையில் அடிக்கடி வரும். பிற்பகல் இடிமேகத்துக்குள் பெரிய விமானமும் போகாது, சுற்றிக்கொண்டுதான் போகும்.

வானொலிப் பேச்சுக்கு ஆங்கிலம் வேண்டும். 1977 மார்ச்சில் டெனரீஃப் தீவில் மூடுபனியில் இரண்டு பெரிய விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் மாண்டார்கள். புறப்பட அனுமதி கிடைக்குமுன்னே ஒரு விமானம் ஓடத் தொடங்கியது. அதன் விமானி வானொலியில் சொன்ன வாக்கியத்தைக் கேட்டவர்கள் வேறு விதமாகப் புரிந்துகொண்டதும் அதற்கு ஒரு காரணம். அதன்பிறகு வானொலிச் சொற்களை மிகக் கண்டிப்பாக வரையறுத்தார்கள். 2008 முதல் அனைத்துலகப் பயணம் செய்யும் விமானிகள் ஆங்கிலத்தில் ஆறு படிகளில் நான்காவதையாவது எட்டியிருக்கவேண்டும். கவிதை எழுத வேண்டியதில்லை. தெளிவாகப் பேசவும், கேட்டதைத் திருப்பிச் சொல்லவும், புரியாவிட்டால் புரியவில்லை என்று கூச்சமின்றிச் சொல்லவும் தெரியவேண்டும்.

நேரமும் உலகத்துக்கு ஒன்றே. நம் கடிகாரம் அந்த உலக நேரத்தைவிட எட்டு மணி முந்தியது. நம் தோட்டத்தில் காலை ஆறு மணிக்குப் பிரட்டு என்றால், விமானியின் குறிப்பேட்டில் அது முதல்நாள் இரவு 22 மணி.

இனிப் பணத்துக்கு வருவோம்

அம்மா, இவ்வளவும் படித்தபின் தம்பி நோட்டை எடுத்துக் கணக்குப் போட உட்கார்ந்துவிட்டானென்றால் அவனுக்கு ஆசை உண்மைதான். இனி நீங்கள் தெரிந்துகொள்ளவேண்டியவை:

விமானி உரிமத்தைப் பயிற்சிப் பள்ளி கொடுப்பதில்லை, தரகரும் கொடுப்பதில்லை. 2018இல் அமைக்கப்பட்ட மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம்தான் கொடுக்கிறது. அந்த ஆணையம் அங்கீகரித்த பள்ளியா என்று அதனிடமே கேட்டறியலாம். அனைத்துலக விதிப்படி தனியார் உரிமத்துக்கு 17 வயது, வணிக உரிமத்துக்கு 18 வயது ஆகியிருக்கவேண்டும். வணிக உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்கவேண்டும், அங்கீகரித்த தொடர்பயிற்சி என்றால் 150 மணி. பெரிய விமானத்துக்குத் தலைமை விமானி ஆவதற்கான உரிமத்துக்கு 21 வயதும் 1,500 மணி நேரமும் வேண்டும். உங்கள் பையன் நான்காம் படிவம். மாதக் கடைசிக்குள் என்ன அவசரம்? அவசரம் தரகருக்குத்தான்.

முதல் செலவு மருத்துவச் சோதனையாக இருக்கட்டும். வணிக விமானிக்கு ‘முதல் வகுப்பு’ மருத்துவச் சான்று தேவை. கண், காது, இதயம், நிறம் பிரித்தறியும் திறன் எல்லாம் பார்ப்பார்கள். கண்ணாடி போட்டால் விமானி ஆகமுடியாது என்பது வீண்பேச்சு. கண்ணாடியோடு பார்வை தேவையான அளவுக்குச் சரியாக இருந்தால் அனுமதி உண்டு. ஆனால் வேறு குறை இருந்தால், இலட்சக்கணக்கான வெள்ளி கட்டியபின் அதைத் தெரிந்துகொள்வதில் என்ன பயன்?

அந்த மனிதரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். பள்ளியின் பெயர் என்ன? பணத்துக்கான இரசீது அந்தப் பள்ளியின் பெயரிலேயே வருமா? பையன் சேராவிட்டால் அல்லது மருத்துவத்தில் தேறாவிட்டால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்று எழுத்தில் தருவீர்களா? மூன்றுக்கும் நேரான பதில் வராவிட்டால் காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

உரிமம் கிடைத்தால் வேலை நிச்சயம் என்று யாராவது சொன்னாலும் நம்பவேண்டாம். 2020இல் பெருந்தொற்று வந்தபோது உலகெங்கும் விமானங்கள் தரையில் நின்றன, அனுபவசாலிகளே வேலை இழந்தார்கள். விமான நிறுவனங்கள் தாமே பயிற்சியாளர்களைத் தேர்ந்தெடுக்கும் அறிவிப்பு சில வேளைகளில் வரும். அரச மலேசிய ஆகாயப் படை இருக்கிறது. விமானம் பழுதுபார்க்கும் பொறியாளர், வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் ஆகிய வேலைகளும் இருக்கின்றன. எதற்கும் எஸ்.பி.எம். தேர்வில் கணிதம், பௌதிகம், ஆங்கிலம் கைகொடுக்கவேண்டும். இருபதாயிரம் வெள்ளியில் ஒரு சிறு பங்கு போதும், இரண்டு வருடத்துக்கு இந்த மூன்று பாடத்துக்கும் நல்ல டியூசன் வைக்கலாம்.

இனி, நகை. இராமேசுவரத்துக் கலாம் சென்னை குரோம்பேட்டை தொழில்நுட்பக் கல்லூரிக்குத் தேர்வானபோது, சேர்க்கைக் கட்டணம் ஏறத்தாழ ஆயிரம் ரூபாய். வீட்டில் இல்லை. அக்காள் ஜொஹரா தம் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். ஆகவே நகை வைப்பதே தவறு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வேற்றுமையைக் கவனியுங்கள். அந்தத் தம்பி படித்துத் தேறி, பெயர்பெற்ற கல்லூரியில் இடம் பெற்றபின்தான் அந்த நகை பெட்டியை விட்டு வெளியே வந்தது. வாக்குறுதியை நம்பி வரவில்லை.

இன்னொன்றும் கேளுங்கள். படிப்பு முடித்த கலாம், ஆகாயப் படை விமானி ஆகவேண்டும் என்று 1958இல் டேராடூனுக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனார். வந்தவர் 25 பேர், இடம் எட்டு. அவர் ஒன்பதாவதாக நின்றார். மனம் உடைந்து ரிஷிகேசம் போனவரைத் தேற்றி அனுப்பியவர் சுவாமி சிவானந்தர். பத்தமடையில் பிறந்த அந்தச் சிவானந்தர், துறவு பூணும் முன் மருத்துவராகக் கப்பலேறி வந்து, 1913 முதல் சில ஆண்டுகள் வேலை பார்த்தது எங்கே தெரியுமா? இதே நெகிரி செம்பிலானில், சிரம்பானுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்து மருத்துவமனையில். நம் பாட்டன்மாருக்கு மருந்து கொடுத்த கைதான், விமானி ஆகமுடியாமல் போன அந்த இளைஞனைத் தட்டிக்கொடுத்தது. அவர் விமானம் ஓட்டவில்லை. ஏவுகணை செய்தார், 2002இல் இந்தியாவின் குடியரசுத் தலைவர் ஆனார். படித்த படிப்பு வீணாகவில்லை.

ஆகவே, அம்மா, இந்த மாதம் பணம் கட்டவேண்டாம். நகை பெட்டியிலேயே இருக்கட்டும். தம்பிக்கு ஒரு நோட்டும் பாகைமானியும் நிலப்படமும் வாங்கிக்கொடுங்கள். ஒரு பள்ளி விடுமுறையில் பத்து பெரண்டத்துக்கு அழைத்துப் போய்ச் சின்ன விமானம் ஏறி இறங்குவதைக் காட்டுங்கள். லயத்தில் சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

தம்பி, உனக்கு ஒரு வீட்டுப்பாடம். சிரம்பானிலிருந்து மலாக்காவுக்குத் திரும்பும் திசை எத்தனை பாகை? அந்த 33 கடல்மைலை 110 நாட் வேகத்தில் போனால் எத்தனை நிமிடம்? வேறு யாரிடமும் கேட்காமல் போட்டு எழுதி அனுப்பு. சரியான விடை அனுப்பும் எல்லாப் பிள்ளைகளையும், அது எந்தத் தோட்டத்துப் பிள்ளையாக இருந்தாலும், அடுத்த இதழில் பாராட்டுவேன்.

மீண்டும் சந்திப்போம்.